ஏரிக்கரை வீட்டில் இரண்டு வாரம்

மே 4

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். இரண்டு அறை வீடு. வாசலிலிருந்து நாற்பது அடி நடந்தால் ஏரி. இங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. காலையில் அக்கரைக்குப் போகும் படகுக்காரர்தான் தபாலை வாங்கிப்போகிறார்.

வந்து மூன்று நாளாகியும் அந்த நாற்பது அடியை நாங்கள் நடக்கவில்லை. உன் மாப்பிள்ளை பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது சுத்தியல். எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்துவிட்டார். கேட்டால் "கொசு இருக்கு" என்கிறார், அவ்வளவுதான். சின்னவள் நாள் முழுக்க வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். மூக்கு நுனியில் கட்டம் கட்டமாக அச்சு.

நீ மருந்துக்கடைக்காரன். கடி வாங்காமல் வெளியே உட்கார என்ன செய்யலாம் என்று விவரமாக எழுது. நீ சொன்னால் கேட்பார்.

உன் தங்கை

மே 6

என் செல்லத் தங்கைக்கு,

காரியம் ஆகவேண்டுமென்றால்தான் அண்ணன் நினைப்பு வருமா? இருக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டு. தொளதொளவென்று முழுக்கைச் சட்டை, வெளிர் நிறத்தில். பேண்ட் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். இதோடு கொசு அண்டாத களிம்பு வைத்திருக்கிறேன். துணி மூடாத இடத்தில் மட்டும் தடவினால் போதும். சின்னவளின் உள்ளங்கையில் வேண்டாம், வாயில் வைப்பாள். புதர்ப் பக்கம் போகாமல் காற்றடிக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். காற்றை எதிர்த்துப் பறக்கக் கொசுவுக்குத் தெம்பு கிடையாது. வாளியில் தொட்டியில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள். பொழுது சாயுமுன் உள்ளே வந்துவிடுங்கள். பகலில் கடிக்கிற கொசுவும் உண்டு, ஆனால் இத்தனையும் செய்தால் அவ்வளவு பயமில்லை.

அவர் பயம் எனக்குப் புரிகிறது. பெரியவளைக் காய்ச்சல் கொண்டுபோய் இரண்டு வருடம்கூட ஆகவில்லையே.

அன்புடன்,
அண்ணன்

மே 9

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அத்தனையிலும் அவர் காதில் விழுந்தது ஒரே வரி: பகலில் கடிக்கிற கொசுவும் உண்டு. இப்போது ஜன்னல் கதவுகளையும் சாத்தியாயிற்று. வாசலுக்குப் பூட்டு, சாவி அவர் சட்டைப் பையில். களிம்பை வீட்டுக்குள் வைத்தே எங்களுக்குப் பூசிவிடுகிறார். மணிக்கொரு தரம் டார்ச் அடித்து, சின்னவளின் காதுக்குப் பின்னால், விரலிடுக்கில் எல்லாம் தேடுகிறார். வேர்த்துக் கொட்டுகிறது. இதைக்கூடக் கதவிடுக்கு வழியாகத்தான் படகுக்காரரிடம் நீட்டப்போகிறேன்.

நேற்று அவள் கேட்டாள்: "அம்மா, நாம என்ன தப்பு பண்ணோம்?"

ஒரு நடை வந்துவிட்டுப் போ, அண்ணா.

தங்கை

மே 11

தங்கைக்கு,

கடையில் நான் ஒருவன்தான், போட்டுவிட்டு எப்படி வர? மாப்பிள்ளை தங்கமான மனுஷன். பிள்ளையைப் பறிகொடுத்த மனசு அப்படித்தான் இருக்கும். இன்னும் ஒரு வாரம்தானே, பொறுத்துக்கொள். ஊர் திரும்பினால் சரியாகிவிடுவார்.

அண்ணன்

மே 14

அண்ணா,

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கேயும் ஒன்றரை வருடமாக இதே கதைதான். சின்னவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி எட்டு மாதமாகிறது, உன்னிடம் மறைத்துவிட்டேன். இடம் மாறினால் மனசு மாறும் என்று நான்தான் இங்கே இழுத்துவந்தேன்.

நேற்றுக் காலை நீ எழுதியபடியே அவளுக்கு உடுத்திவிட்டு அவர் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"சாவியக் குடுங்க."

"வேண்டாம். சொன்னாக் கேளு."

"பெரியவள கொசு கொண்டுபோச்சு. இவள நாம கொண்டுபோயிடுவோம். குடுங்க."

கையில் தரவில்லை. தரையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்னவள் பேண்ட் நனைய முழங்கால் தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றாள். "நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டேன். நிலைப்படி வரை வந்தார், கால் எழவில்லை. திரும்பி வந்ததும் அவள் கழுத்தில் ஒரே ஒரு தடிப்பைப் பார்த்துவிட்டு அழுதார் பார், பெரியவள் போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

இன்று எங்களோடு உன் வீட்டுக்குக் கிளம்பச் சொன்னேன். மாட்டேனென்று தலையாட்டினார். படகுக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படகில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் சொன்னால் வாய் குழறும். உன் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன், எழுப்பாதே. அவர் நல்லவர் என்பதை எனக்கு யாரும் சொல்லவேண்டாம். அவருக்கு வைத்தியம் வேண்டும். தனியாளாக இழுத்து இழுத்து என் கை ஓய்ந்துவிட்டது.

நாளைக்கே நீ படகேறிப் போய் அவரைக் கூட்டிவா. கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கை