கைப்பையில் ஒரு சீட்டு

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அண்ணன் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் பற்றி நீ போனில் சொல்வதில் பாதியைத்தான் நம்புகிறேன், மீதிப் பாதியை ஒளிக்காமல் எழுது. பேசத்தான் போன் இருக்கிறதே, இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் நான் வாயைத் திறந்தால் உன் அம்மா பக்கத்தில் நின்று கையை ஆட்டிக் கண்ணை உருட்டி ஜாடை காட்டுகிறாள், சொல்ல வந்தது பாதியிலேயே போய்விடுகிறது. இன்று எனக்கு விடுமுறை, அவள் பத்து மணிக்கே தனியாக வெளியே போயிருக்கிறாள். ஆமாம், தனியாக. எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

நீ படிக்கும் படிப்பின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, அதில் மேற்படிப்பு, அதுவும் சிக்கலான மனநலப் பிரச்சினைகளுக்கு என்று நான் மூன்று தவணையில் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் கிளம்பிப் போய்விடுகிறார். அலுவலகத்தில் மேலாளரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பேசியே குணப்படுத்துறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா சார், எங்க வீட்டம்மா படிக்காமலே நாள் பூரா பேசுறா, எனக்கு ஒண்ணும் குணமாகலையே என்றார். சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. லிப்ட் நின்றுபோனால் நாம் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டா வருகிறோம், ஒயரை ஒவ்வொன்றாகத் தொட்டு எது எங்கே போகிறது என்று பார்க்கிறோம் இல்லையா, அந்த மாதிரி வேலை என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். சரியாகத்தான் சொன்னேனா என்று நீதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் நீ அழுதுகொண்டே சொன்னதற்கு வருகிறேன். நோயாளியிடம் பேசியதை அவர் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து மதிப்பெண்ணுக்கு அனுப்பினாய், தேறவில்லை. பேர் ஊர் எதையும் சொல்லாமல் நீ சொன்னது இவ்வளவுதான். ஒரு நடுவயது மனிதர், தன் கையால் யாருக்காவது கெடுதல் நடந்துவிடுமோ என்று ஓயாமல் பயப்படுகிறவர், கூடவே பல வருஷத்து மனச்சோர்வு, சின்ன வயதில் வாங்கிய அடி, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. அவர் திரும்பத் திரும்ப உன்னிடம் என்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாதே, ஆகாதே என்று கேட்டிருக்கிறார். நீயும் ஆகாது, ஆகாது என்று சொல்லியிருக்கிறாய். உன் ஆசிரியை எண்ணிப் பார்த்து ஏழு தடவை என்று எழுதியிருந்தார்களாம். குரலில் அன்பு இருக்கிறது, சிகிச்சைதான் இல்லை என்றும் எழுதியிருந்தார்களாம். ஏழு தடவைப்பா, எனக்கே தெரியாம வாய்ல வந்துருச்சுப்பா என்று நீ விம்மினாய். அந்த ஏழும் நீ கல்லூரியில் படித்தது இல்லை, என்னைப் பார்த்துப் படித்தது.

நம் வீட்டுச் சீட்டு உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் உன் அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப முக்கால் மணி நேரம் ஆகும். அடுப்பை அணைச்சேனா, குழாயை மூடினேனா, கதவு பூட்டினதுதானா என்று படியிறங்குவாள், ஏறுவாள், மறுபடி இறங்குவாள். நான் தினமும் பத்து லிப்ட் பார்த்துப் பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போடுகிறவன், பெண்டாட்டிக்கு ஒன்று போட மாட்டேனா என்று ஒருநாள் அலுவலகப் பாணியிலேயே எழுதிக் கொடுத்தேன். அடுப்பு அணைக்கப்பட்டது, குழாய் மூடப்பட்டது, கதவு பூட்டப்பட்டது, பரிசோதித்தேன், சரியாக உள்ளது, தேதி, கையெழுத்து. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள், அன்றைக்கு ஒரு தடவைகூடத் திரும்பி வரவில்லை. நான் ஏதோ பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அது ஒரு சீட்டில் தொடங்கியது, பிறகு அடுப்புக்குத் தனி, குழாய்க்குத் தனி, கதவுக்குத் தனி, இஸ்திரிப் பெட்டிக்குத் தனி. அப்படியும் மருந்துக் கடை வேலைக்கு நேரத்துக்குப் போக முடியாமல் மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வேலையை விட்டாள்.

நீ விமானம் ஏறப் போன நாளை நான் எழுதித்தான் ஆக வேண்டும், இதுவரை வாய்விட்டுப் பேசியதில்லை. பாதி வழியில் அம்மாவுக்குச் சீட்டு எதுவும் போதவில்லை, வண்டியைத் திருப்புங்க, அடுப்பு எரியுது, எனக்குத் தெரியுது என்று அழுதாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் திருப்பினேன். நீ பஸ் நிறுத்தத்தில் பெட்டிகளோடு இறங்கிக்கொண்டு பரவாயில்லப்பா, நீங்க போங்க, நான் போயிக்கிறேன் என்றாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்பு ஜில்லென்று இருந்தது. உன்னை விமான நிலைய வாசல்வரை கொண்டுபோய் விடாமல் வந்தது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது, மன்னித்துக்கொள் வாலு.

சொந்த வீட்டு ஆட்களுக்கு நானே வைத்தியம் பார்க்கக் கூடாதுப்பா என்று நீ கறாராகச் சொல்லி, இங்கே ஒரு ஆளைத் தேடிக் கொடுத்தாய் அல்லவா, புதன்கிழமை தவறாமல் போகிறோம். சின்ன அறை, ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி, எனக்காக மூன்றாவதை வெளியிலிருந்து தூக்கி வந்தார்கள், அது கொஞ்சம் ஆடியது. அந்தச் சிகிச்சைக்காரப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். நான் பழைய சீட்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன், மெச்சிக்கொள்வாள் என்று நினைப்பு. அவள் ஒரு தாளில் வட்டம் போட்டாள். சந்தேகம், பயம், சீட்டு, நிம்மதி, மறுபடி சந்தேகம். இந்தச் சீட்டெல்லாம் எழுத ஆரம்பிச்ச பிறகு சந்தேகம் குறைஞ்சுதா சார், இல்ல சீட்டு கூடுச்சா என்று மெதுவாகக் கேட்டாள். நான் டப்பாவின் மூடியை எடுத்து அழுத்தி மூடினேன். வரும் வழியில் நான் உர்ரென்று வண்டி ஓட்டினேன், அத்தனை வருஷம் எழுதினவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்களே என்று கோபம். உன் அம்மாதான் சமாதானப்படுத்தினாள். நல்லதுக்குத்தானே பண்ணீங்க, எனக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு, அதான் வம்பே என்றாள்.

அதற்குப் பிறகு ஏற்பாடு என்னவென்றால், வாரத்துக்கு ஒன்று என்று சீட்டுகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வருவது, அவள் கேட்டால் நான் பதில் சொல்லாமல், இது உன் சந்தேகம் கேக்குது, நான் பதில் சொல்லலை, ஆனா உன்கூட இருக்கேன் என்று மட்டும் சொல்வது. இந்த ஒரு வரியை நான் குளியலறையில் நின்று மனப்பாடம் செய்தேன், சிரிக்காதே. போன சனிக்கிழமைதான் சீட்டே இல்லாத முதல் நாள், செருப்புக் கடைக்குப் போவதாகத் திட்டம். லிப்ட் கீழே இறங்குவதற்குள் கேட்டுவிட்டாள், நான் என் வரியை ஒப்பித்தேன். கல்லு மனசு உங்களுக்கு என்றாள். தெருமுனையில் மறுபடி கேட்டாள், மறுபடி ஒப்பித்தேன். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது, அவள் உதடு வெளுத்து, கழுத்தெல்லாம் வேர்வை. ஒரே ஒரு வார்த்தை, அணைச்சுட்டே என்று சொன்னால் போதும், அந்த முகம் தெளிந்துவிடும். சொல்லாமல் இருந்ததுபோல ஒரு கஷ்டமான வேலையை நான் என் உத்தியோகத்தில் செய்ததில்லை. நாற்பது நிமிஷம் இருக்கும், கடையில் உட்கார்ந்து இந்தக் கறுப்பு வேணாம், அந்தக் கறுப்பைக் காட்டுங்க என்று கடைக்காரரைப் பாடாய்ப் படுத்த ஆரம்பித்தாள், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் பெரிய ஆள் என்று எழுதியிருப்பேன். முகம் துடைக்கக் கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தாள், உள்ளே ஒரு சீட்டு. நான்தான் காலையில் அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். வாயால் அத்தனை உறுதியாகச் சொல்லிவிட்டு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். கையும் களவுமாக மாட்டிக்கொண்டு அசடு வழிய நின்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. மடித்த சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, இது எனக்கில்ல, உங்களுக்கு, என்னைவிட உங்களுக்குத்தான் பயம் ஜாஸ்தி என்றாள். கடைக்காரர் ஏதோ பில் விவகாரம் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் ஹாலில் விளக்கும் எரிகிறது, மின்விசிறியும் ஓடுகிறது, கடைசியாக வெளியே வந்தது பரிசோதகர் ஐயாதான். உன் அம்மா புதுச் செருப்போடு அங்கேயே நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்றைக்கு அவள் போயிருப்பது அந்தப் பழைய மருந்துக் கடைக்கு, அரை நாள் வேலையாவது கிடைக்குமா என்று கேட்க. பழைய முதலாளியம்மாதான் இன்னும் இருக்கிறார்கள். கிளம்பும்போது கதவு வரை போய் ஒரு தடவை திரும்பி அடுப்பைப் பார்த்தாள், ஒரே தடவை, பிறகு போய்விட்டாள். போய் இரண்டு மணி நேரம் ஆகிறது, இதுவரை போன் வரவில்லை. நான்தான் இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் நான்கு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன், சார்ஜ் இருக்கிறதா என்று சும்மா பார்த்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீ விடுமுறைக்கு வந்து திரும்பிப் போகும்போது உன்னை விமான நிலைய வாசல்வரை வந்து வழியனுப்புவேன் என்று உன் அம்மா சிகிச்சைக்காரப் பெண்ணிடம் சொல்லி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், நான் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது ஒலிப்பதிவை அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும், அதுவும் தேறாவிட்டால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்றாய். போனை வைக்கும்போது, பாஸாயிடுவேன்தானேப்பா, அம்மாவுக்கு எழுதுற மாதிரி எனக்கும் ஒரு சீட்டு எழுதி அனுப்புங்கப்பா என்று கேட்டாய். விளையாட்டாகக் கேட்டாலும் குரல் விளையாட்டாக இல்லை. அதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன். முதலில் சீட்டைத்தான் எழுதினேன், நிச்சயம் தேறுவாய் என்று தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். பிறகு அந்த மனிதரை நினைத்தேன். அவர் எட்டாவது தடவை கேட்கும்போது, எதிரில் இருக்கிற பெண் அப்பன் கொடுத்த சீட்டைப் பையில் வைத்துக்கொண்டா அவருக்குத் தைரியம் சொல்வாள்? கிழித்துவிட்டேன் கண்ணு. நீ தேறுவாயா என்று எனக்குத் தெரியாது. தேறாமலும் போகலாம். அவர் கேட்கும்போது பதில் சொல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க உன்னால் முடியுமா என்று முயற்சி செய்து பார், கஷ்டமாகத்தான் இருக்கும், நகம்கூடப் பதியும். நானும் இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசு, கோபித்துக்கொண்டிருக்கிறான். உனக்கும், உன்னை நம்பி எதிரில் வந்து உட்காருகிற அந்த மனிதருக்கும் மனசு லேசாகட்டும், நன்றாக இரு. இதோ லிப்ட் நம் மாடியில் நிற்கும் சத்தம் கேட்கிறது, புதுச் செருப்பின் சத்தமும் கேட்கிறது. வேலை கிடைத்ததா என்று கேட்க வாய் பரபரக்கிறது, அவளாகச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உறையை ஒட்டும்முன் உள்ளே கையை விட்டு ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டேன், சீட்டு எதுவும் இல்லை.

பரிசோதிக்காமல் கையெழுத்திடும்,
உன் அப்பா