பௌர்ணமியில் கழற்றிய செருப்பு

அலமாரியை ஒழிக்கும்போது உன் நீல எம்.சி.ஆர். மெத்தைச் செருப்பு அகப்பட்டது. வளைந்துபோன கட்டைவிரலுக்காக வாரை நீயே கத்தரித்திருந்தாய். பார்த்ததும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. காலையில்தான் துறைத்தலைவரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். எதற்கென்று உனக்குத் தெரியும்.

நான் எலும்பு மருத்துவர். நீ எங்கள் பிசியோதெரபிஸ்ட், கல்லூரிக் காலத்திலிருந்தே முடக்குவாதக்காரி. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இந்த மெத்தைச் செருப்பு வலியைக் குறைக்குமா என்று இருவரும் ஆய்வு தொடங்கினோம். அடி அண்ணாமலையில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவள் நீ. "வீட்ல, கொல்லையில, எங்க போனாலும் கழட்டாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாய்.

வலி நன்றாகக் குறைந்து வந்தது. பௌர்ணமி கழிந்து பார்த்தால் முக்கால்வாசிப் பேருக்கு மறுபடி ஜாஸ்தி! செருப்பில் கோளாறா, நம் கேள்வியில் கோளாறா என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். அடுத்த பௌர்ணமி மாலை கிரிவலத்துக்குக் கிளம்பினோம். பாதையில் கால் வைத்ததும் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டவள் அப்படியே நின்றாய்.

"அடிப்பாவி, நானே கழட்டிட்டேன்டி!"

சுற்றிலும் நம் நோயாளிகள், எல்லாரும் வெறுங்கால். முன்னால் போன ஓர் அம்மாவை நீ பிடித்துக் கேட்டாய். "இன்னா டாக்டரம்மா, மலை சுத்தறப்போ யாராச்சும் செருப்பு போடுவாங்களா?" என்றார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு அது உறைக்கவில்லை பார்!

தலைவர் சுலபமாக வழி சொன்னார். "கிரிவலம் போனவங்கள ஆய்வுலருந்து எடுத்துடுங்க. ரிசல்ட் சுத்தமா வரும்."

நிமிராத விரல்களை மேஜையில் ஊன்றி நீ எழுந்தாய். "மலை சுத்தாதவங்க இந்த ஊர்ல யாரு சார்? வலிக்கும்னு தெரிஞ்சும் நடக்கறாங்களே, அவங்களுக்குத்தான் வைத்தியம் வேணும்."

வாயோடு நிற்கவில்லை நீ. "செருப்புதான ஆகாது? துணி ஆகும்ல?" என்று அடியில் பஞ்சு வைத்த காலுறை ஒன்றை யோசித்தாய். ஊசி பிடிக்க உன் விரல்கள் ஒத்துழைக்கவில்லை, நான் தைத்தேன். "இது காலுக்கா, தலைக்கு வைக்கறதுக்காடி?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

அதை யாருக்கும் போட்டுப் பார்க்குமுன் மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. முடக்குவாதம் மூட்டோடு நிற்காது, நுரையீரலையும் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்னைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த நோயை நான் மன்னிப்பதாக இல்லை.

இன்று காலை கட்டுரையை அனுப்பும் நேரத்தில் தலைவர் பழையபடி ஆரம்பித்தார். "அவங்கதான் இப்போ இல்லையேம்மா, கிரிவலம் போனவங்கள எடுத்துடலாமே?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அவ இல்லன்னா நான் இருக்கேன் சார். வேணும்னா என் பேரை எடுத்துடுங்க. நடந்தவங்கள்ல ஒருத்தரைக்கூட எடுக்க விடமாட்டேன்." கட்டுரை வராமல் போனால் போகட்டும்.

உன் செருப்பைத் துடைத்து அலமாரியிலேயே வைத்துவிட்டேன். வருகிற பௌர்ணமிக்கு, அன்று நீ பிடித்துக் கேட்ட அந்த அம்மா காலுறையைப் போட்டு நடக்கச் சம்மதித்திருக்கிறார். நானும் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டு கூடவே போகிறேன். தையல் இன்னும் கோணல்தான். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும், நீ சிரித்ததைவிடவா சிரித்துவிடப் போகிறார்கள்?