நான் துடைத்தெறிந்த பொட்டலம்

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். பல்வலி என்று முனகிக்கொண்டே உன் அப்பா நேற்று ஒரு கிண்ணம் வறுகடலையைக் காலி செய்தார். உனக்கு ஏழு மாதம் முடிகிறது, கால் வீங்கினால் தலையணை மேல் தூக்கி வை. பிரசவத்துக்குப் பெரியம்மாவைக் கூப்பிடட்டுமா என்று அப்பாவுக்கு எழுதியிருந்தாயே, அதை நானும் படித்தேன். வருத்தமில்லை என்றால் பொய்.

அது கிடக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் நான் அடித்த கூத்தைக் கேள். பூச்சி டப்பாக்களைக் கழுவிச் செடி மாற்றுவதுதானே என் வேலை. என் சுத்தப் பைத்தியம் உனக்குத் தெரியாததா? உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே உன் காதைத் தேய்த்துச் சிவக்க வைத்தேன், நீ மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. அதே கையால், காட்டுக்கொடியின் சாறு குடிக்கும் நாவாய்ப்பூச்சியின் முட்டைகளுக்கு அடியில் பழுப்பாக ஒட்டியிருந்ததை எச்சம் என்று நினைத்துத் துடைத்தெறிந்துவிட்டேன். குஞ்சுகள் வெளியே வந்து எதையோ தேடித் தேடி அலைந்தன. பாதி செத்தே போயின. மூன்று வருட ஆராய்ச்சி! ஐயையோ, வேலை போச்சு என்று நானே போய் ஒப்புக்கொண்டேன்.

பேராசிரியை அம்மா திட்டவில்லை. “அது அழுக்கில்லம்மா. தாய் கட்டி வச்சிட்டுப் போன பொட்டலம்” என்றார். அதை உறிஞ்சினால்தான் குஞ்சின் வயிற்றில் அதற்கு வேண்டிய நல்ல கிருமி குடியேறுமாம். அந்தக் கிருமி இல்லாமல் வெறும் செடிச்சாற்றில் உடம்பு தேறாதாம்.

வேறு வழியில்லாமல், பயறுச் செடியில் வாழும் இன்னொரு இனத்தின் பொட்டலத்தை எடுத்து வைத்தோம். மிச்சக் குஞ்சுகள் மடமடவென்று குடித்தன. இரண்டு மாதத்தில், அதுவரை ஒத்துக்கொள்ளாத பயறிலேயே கொழுகொழுவென்று வளர்ந்து முட்டையும் இட்டுவிட்டன! வயிற்றுக் கிருமி மாறினால் தீனி மாறும், தீனி மாறித் தலைமுறை தலைமுறையாகப் போனால் இனமே வேறாகலாம் என்று பேராசிரியை அம்மாவுக்கு ஒரே குஷி. என் தப்பை வைத்தே கட்டுரை எழுதுகிறார்.

எனக்கு அந்தக் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. யார் வைத்தது என்று அவை கேட்கவே இல்லை.

பெரியம்மா தாராளமாக வரட்டும், ஆனால் குழந்தை அழும்போதெல்லாம் எழுந்து ஓட அவர் முழங்கால் விடுமா? தாயும் சேயும் நூறாண்டு நன்றாக இருங்கள். ஒரு மாத லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்ட இடத்தில் ‘மகளின் பிரசவம்’ என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்த வைத்துவிடாதே, கண்ணு.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்
சித்தி