முழங்கையில் ஒரு வலைமுடிச்சு

திரேஸ்புரம்,
தூத்துக்குடி.
ஜனவரி, வியாழன் இரவு

சேசு மரி சூசை

என் பாசத்துக்குரிய ஷைனி அப்பாவுக்கு உங்கள் மெட்டில்டா எழுதுவது.

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஷைனி இப்போதுதான் கண்ணை மூடினாள். லீவுக்கு வந்த தருவைகுளத்துக் கிளாட்வின் விடிந்ததும் கிளம்புகிறான். உங்கள் துறைமுகத்துக்குத்தானே திரும்பப் போகிறான், பார்சலையும் கடிதத்தையும் உங்கள் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். மாமிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, ஞாயிறு பூசைக்கு நடந்தே போகிறார்கள். மார்கழி மழையில் பின்பக்கச் சுவர் ஊறிப் போய்விட்டது. ஷைனி எல்.கே.ஜி.யில் உங்கள் பெயரைத் தப்பில்லாமல் எழுதுகிறாள். அவள் மிஸ், அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு, ஐஸ் பெட்டிக்குள்ளே என்றாளாம். ஸ்காட்லாந்தில் மீன்பிடிப் படகில் எவ்வளவு குளிர் என்று நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

இனி ஸ்வெட்டர் விஷயம். நீங்கள் முதல் தடவை போனபோது, தெருவில் விற்ற பளபளப்பான ஒன்றை நம்பிக் கொடுத்து அனுப்பினேன். டெக்கில் ஒரு அலை அடித்ததும் அது பாலித்தீன் மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டது என்று திட்டினீர்கள். அதிலிருந்து இதில் நான் ஏமாறுவதில்லை. கெமிஸ்ட்ரி படித்ததற்கு அந்த ஒரு பிரயோசனமாவது இருக்கட்டும். போன வருடம் மகாராஜா அண்ணாச்சி கடையில், கப்பலில் வரும் பழைய துணிப் பண்டலைக் கிளறி, கழுத்தில் கயிறு முறுக்கியது போல் பின்னல் போட்ட அந்தக் கருநீலத்தை எடுத்து அனுப்பினேன் அல்லவா? மாற்றிப் போட இன்னொன்று வேண்டுமே என்று போன வாரம் ஷைனியையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன்.

அண்ணாச்சிக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. மழை விட்டதும் வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஊரே பனியன் கேட்டு வருகிறது, நீ ஒருத்திதானம்மா கம்பளி கேட்டு வருகிறாய் என்றார். சித்திரையில் வந்து இறங்கி குடோன் மூலையில் கிடந்த ஒரு பண்டலை எனக்காகவே இழுத்துப் போட்டார். அதைக் கட்டியிருந்த பட்டை அறுபடவே இல்லை. என் கண்முன்னேதான் கத்தியால் அறுத்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கைப்பட்டியை இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும், தொங்கினால் ஆகாது. உள்பக்கம் திருப்பினால், துணியை வெட்டித் தைத்ததா, அளவுக்குப் பின்னிக் கோத்ததா என்று ஓரம் சொல்லிவிடும். கடைசியாக, உள் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வாசலில் வைத்துக் கொளுத்துவேன். நிஜக் கம்பளி என்றால் தலைமுடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பிளாஸ்டிக் நூல் உருகி மணியாகத் திரண்டுவிடும். கடையைக் கொளுத்திட்டுப் போயிராதம்மா என்றார் அண்ணாச்சி.

எல்லாவற்றிலும் தேறியவை இரண்டு. ஒன்று சாம்பல் நிறம், சாதாரணப் பின்னல், நல்ல கனம். இன்னொன்று கருநீலம், கழுத்தில் முறுக்குப் பின்னல். போன வருடம் எடுத்ததற்கு ஜோடியே கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகத்தான் கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்து, அலச வேண்டுமே என்று கருநீலத்தைத் திருப்பிப் போட்டேன். வலது முழங்கையில் பச்சை நைலான் நூலில் வலைமுடிச்சு.

ஆடியில் மாதா திருவிழா அன்று வீடியோ காலில் நீங்கள் முழங்கையைத் தூக்கிக் காட்டியது நினைவிருக்கிறதா? கொக்கி மாட்டிக் கிழிந்ததை வலை ஊசியால், வலைக் கண்ணி போட்டே அடைத்திருந்தீர்கள். கம்பளியைக் கம்பளி நூலால்தான் இழையோட்ட வேண்டும், இப்படி முடிச்சுப் போட்டால் சுற்றியிருக்கும் பின்னலையும் சேர்த்துத் தின்றுவிடும் என்று சண்டை பிடித்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

“ஏளா, மீனே தப்பாத முடிச்சு இது. இதுக்குள்ள குளிரு எப்படி வரும்?”

இந்த உலகத்தில் ஸ்வெட்டரை வலை மாதிரி அடைக்கிற ஆள் வேறு யாராவது இருப்பார்களா? இருக்கலாம், எல்லாக் கடற்கரையிலும் வலைக்காரர்கள் உண்டு. ஆனால் நீங்கள் இடதுகைக்காரர். உங்கள் முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். உங்கள் பழைய வலையைப் பரணிலிருந்து இறக்கி, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே சாய்வு. முடிச்சு முடிச்சாக அதே சாய்வு.

ஆடியில் நீங்கள் போட்டுக்கொண்டு நின்ற ஸ்வெட்டர், சித்திரையிலேயே கட்டி வந்த பண்டலுக்குள் எப்படி இருக்கும்? அண்ணாச்சிக்கு மாதம் தப்பிப் போயிருக்கலாம் என்று திரும்பப் போய்க் கேட்டேன். சித்திரை விசுவுக்கு மறுநாள், மகளுக்கு வளைகாப்பு, அன்றைக்குத்தான் லாரி வந்தது என்று அடித்துச் சொல்கிறார்.

அதனால்தான் உங்களுக்கு அன்றைக்கே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், கருநீல ஸ்வெட்டர் எங்கே என்று. போட்டிருக்கிறேன், குளிரே இல்லை என்றீர்கள். முழங்கையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், குளிரே இல்லை என்று வந்தது. வீடியோவில் வரச் சொன்னேன். அதற்கும் அதே மூன்று பேச்சு. பிறகுதான் பழைய வாய்ஸ்களை எல்லாம் போட்டுக் கேட்டேன். முன்பெல்லாம் உங்கள் வாயில் முதல் வார்த்தையே குளிர்தான். எலும்புக்குள்ளே ஏறுகிறது, விரல் மரத்துப் போகிறது, மூத்திரம் போகக்கூட பயமாக இருக்கிறது என்று என்னைச் சிரிக்க வைப்பீர்கள். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் பிறகு ஒரு தடவைகூட நீங்கள் குளிர் என்று புலம்பவில்லை. என்னை ஏளா என்று கூப்பிடவும் இல்லை.

ஸ்வெட்டரைப் பற்றி மாமியிடம் நான் மூச்சு விடவில்லை. ஆனால் கடைசி வாய்ஸை மட்டும் அவர்கள் காதில் வைத்தேன். இரண்டு தடவை கேட்டுவிட்டு, மீன் கழுவின கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள்:

“மவன் சத்தந்தான். ஆனா கடலுக்குள்ள கிடக்கான்னா எஞ்சின் இரையணும்லா, இரையவே இல்லையே. காத்துகூட இல்லையேளா.”

உங்களை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி ஆபீசுக்கும் ஃபோன் போட்டேன். படகு ஸ்கிரீனில் தெரிகிறது, ஆட்கள் எல்லோரும் நலம், வீணாகப் பதற வேண்டாம் என்றாள் அங்கிருந்த பெண். உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டேன். எல்லோரும் என்றால் எல்லோரும்தானே மேடம் என்றாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் பைத்தியம் என்பீர்கள். கருநீலத்தைப் பச்சைத் தண்ணீரில் ஷாம்பு போட்டு அலசி, மொட்டைமாடியில் துண்டு விரித்து, கையை அகல நீட்டிக் கிடத்தினேன். கூடவே போட்ட சாம்பல் நிறம் அடுத்த நாளே காய்ந்துவிட்டது. கருநீலம் இன்றுவரை காயவில்லை. பிழிந்தால் தண்ணீர் வருகிறது. நாக்கில் வைத்தால் உப்பு. நம் போர் தண்ணீரே உப்புத்தானே, கம்பளி தன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளுமே என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும், அகல விரித்த கைகள் இரண்டும் மடங்கி நெஞ்சின் மேல் கிடக்கின்றன. காற்று என்றுதான் இருந்தேன். நேற்று மத்தியானம் ஷைனியைத் தூக்கிக்கொண்டு துணி எடுக்கப் போனேன். பாதிப் படியிலேயே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“மாடில யாரும்மா படுத்திருக்கா?”

அதற்குப் பிறகு அவள் படிப்பக்கமே வருவதில்லை. நானும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை. எந்தப் பீரோவில் வைப்பேன்? தூக்கிப் போடவும் கை வரவில்லை. உங்கள் கை பட்ட முடிச்சு அது.

அதனால் பார்சலில் அது இல்லை. சாம்பல் நிறத்தை மட்டும் வைத்திருக்கிறேன். அதில் ஒரு கோளாறும் கிடையாது, இழை இழையாகப் பார்த்துவிட்டேன். வருடக்கணக்கில் உழைக்கும். கிளாட்வினிடம் ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்: யாரிடமும் விட்டுவிட்டு வராதே, உன் கண்ணால் பார்த்து, உன் கையால் அவருக்குப் போட்டுவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு என்று. அவன் என் முகத்தைப் பார்த்தான். சரிக்கா என்றான்.

வாய்ஸ் இனி வேண்டாம். நான் அதைக் கேட்க மாட்டேன். உங்கள் இடதுகையால், பேனா பிடித்து, ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அன்பு, முத்தம், ஷைனி நலமா என்ற கேள்வி எதுவும் வேண்டாம். ஏளா, குளிர் தாங்கலை என்று மட்டும் எழுதுங்கள். அதைப் படித்தால் நான் தூங்கிவிடுவேன்.

பனிமய மாதா உங்கள் மேல் கண் வைத்திருக்கட்டும்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
மெட்டில்டா