சீனிப் பீப்பாய்களுக்குக் கீழே ஒரு வரி

என் செல்லத் தம்பி குகனுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டி. வெள்ளவத்தை மண்டபத்தில் சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. அன்றைக்குக் கொடுக்க நினைவு மலரும் தயார். சண்டை அதில்தான்.

தேவாரம், உன் படம், நன்றியுரை எல்லாம் வழமைபோல. நடுவில் நீ ஓய்வுபெற்றபின் எழுதிய கட்டுரை: வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து அமெரிக்கக் கப்பல் வியாபாரி ஒருவனைப் பற்றியது. உன் சின்னண்ணன் நந்தனும் கப்பல் ஏஜென்சிக்காரன் அல்லவா, ரசித்துப் படித்தான். ஒரு கப்பலை முழுதாக வாங்காமல் நாலு கப்பலில் பங்கு வைத்தது, ஒரே கடிதத்தை இரண்டு பிரதி எழுதி இரண்டு கப்பலில் அனுப்பியது, கருவாடு கொடுத்துச் சீனி கொண்டுவந்தது...

கட்டுரையின் கடைசிப் பந்தியில் நின்றுவிட்டான். அதே வியாபாரியின் சரக்குப் பட்டியலில், சீனிப் பீப்பாய்களுக்குக் கீழே, விற்க ஏற்றிய அடிமைகள். பெயர்கூட இல்லை, எண்ணிக்கை மட்டும்.

“அக்கா, உந்தப் பந்தியை வெட்டுவம். என்ர கஸ்டமர்மார் எல்லாம் வருவினம். அந்தியேட்டிப் புத்தகத்தில அடிமைக் கதை ஏன்?”

“வெட்டினால் பிறகு அது குகன் எழுதினதோ, நீ எழுதினதோ?”

“நீங்கள் இன்னும் வகுப்பிலயே நிக்கிறியள். எல்லாத்துக்கும் சிவப்புப் பேனை!”

ஓம், நிற்கிறேன். கணக்கில் நடுப்படியை அழித்துவிட்டு விடையை மட்டும் காட்டிய பிள்ளைக்கு நான் ஒருநாளும் முழுப்புள்ளி போட்டதில்லை.

நீ மட்டும் என்னவாம்? வேலையில் இருந்த காலத்தில் கொச்சிக்கடைப் பண்டகசாலையில் மூட்டையைத் திறந்து பாராமல் எந்தப் பட்டியலிலும் கையெழுத்து வைத்தாயா? செத்தல் மிளகாய்க்குள் தலையை விட்டுவிட்டு, வீடு வரும்வரை தும்முவாய். “பாக்காமல் வையடா” என்று அப்போதும் சிரித்தவன் நந்தன்தான். உன் பெயருக்குக் கீழே வரி குறைந்த பட்டியலை எப்படி விடுவேன்?

இன்று காலை அச்சகத்துக்குப் போனேன். நந்தன் முந்திவிட்டான். அந்தப் பந்தி இல்லாமலே மலர் அடித்து முடிந்திருந்தது.

முடியட்டும். பந்தியைத் தனித்தாளில் அடிக்கக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் பத்திரிகைக்குப் போகிறது. ஒன்று மூழ்கினாலும் மற்றது கரைசேரும் என்றுதானே உன் வியாபாரி இரண்டு பிரதி அனுப்பினான்?

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் நான்தான் நிற்பேன். ஒவ்வொரு மலருக்குள்ளும் என் கையாலேயே அந்தத் தாளை வைத்துக் கொடுப்பேன். நந்தனின் கஸ்டமர்மாருக்கு முதலில். அது இல்லாமல் ஒரு மலரும் வாசலைத் தாண்டாது.

சிவப்புப் பேனையை இன்னும் கீழே வைக்காத,
உன் பெரியக்கா