கன்னத்தில் பூசிய சந்தனம்

குமராட்சி,
22.5.2022

அன்பு மருமகள் அனுப்பிரியாவுக்கு அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கடலூரில் நீயும் பாப்பாவும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதாமே, செந்தமிழ் சொன்னான். கடிக்கிறாளா? உன் வீட்டுக்காரனும் அப்படித்தான், செந்தமிழ் ஆறு மாதத்திலேயே என் தோளைப் பதம் பார்த்தவன்.

இதோ இருக்கிற கடலூருக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் என் வாய் என்னைக் காப்பாற்றிவிடும். எதையாவது மாற்றிச் சொல்லித் தப்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் காதுகுத்து என்றான் செந்தமிழ். நல்லது. உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, உன் பெரியம்மா மகன் அறிவுமதிதான் பாப்பாவுக்குத் தாய்மாமன் முறை. ஆனால் அவன் மடியில் உட்கார வைக்கக்கூடாது, "எங்க வீட்டுக்காரர வாரிக்குடுத்ததே அவனாலதான்" என்று உன் அம்மா சொல்லிவிட்டாராம். போன வருஷம் உன் வளைகாப்புக்குச் சென்னையிலிருந்து வந்தவன் அவன் ஒருவன்தான், அவன்தான் கொரோனாவைக் கொண்டுவந்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கருமாதிக்கு வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பியதை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அவன் இல்லை அனு. நான்தான்.

வளைகாப்பு அன்று உன் அப்பா வாசலில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? சந்தனம், கல்கண்டு வைத்த தட்டிலேயே மாஸ்க்கையும் அடுக்கி வைத்திருந்தார். செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் முப்பது வருஷம் மூக்கை மூடிக்கொண்டு வேலை பார்த்த மனுஷர், அதன் அருமை அவருக்குத் தெரியும். "ஊசி போட்டவங்களும் போட்டுக்குங்கம்மா, எனக்கு இன்னும் ரெண்டாவது ஊசி ஆவுல" என்று கும்பிட்டுக் கேட்டார். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், விசேஷம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தாராம். நான் சிரித்தேன். "ரெண்டு ஊசி போட்டவ நானு, என்கிட்ட எது அண்டும் சம்பந்தி" என்றேன். காலையிலிருந்தே எனக்குத் தொண்டை கரகரவென்றுதான் இருந்தது. முந்தின நாள் குடித்த மோர்தான் என்று விட்டுவிட்டேன்.

திமிர் என்று நினைக்காதே. திமிர் உன் கல்யாணத்தில் இருந்தது. மகன் ஆசைப்பட்டுவிட்டானே என்று வந்து, தள்ளி நின்று அட்சதை போட்டுவிட்டு, உங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். அது எதனால் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் வளைகாப்புக்கு வந்தேன். மறுபடியும் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி நின்றால் உங்கள் தெரு என்ன பேசும்? அதனால்தான் உன் மாஸ்க்கையும் என் கையாலேயே கழற்றி, இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசினேன். உன் அப்பா பக்கத்திலேயே பந்தியில் உட்கார்ந்து, பேசிப் பேசிச் சாப்பிட்டேன். "சம்பந்தியம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துங்க" என்று அவர் சொன்னபோது முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஐயோ, அந்த முகத்தை என்னால் மறக்கவே முடியவில்லை.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். சிதம்பரத்தில் டெஸ்ட் கொடுத்தேன். கொரோனா என்று போனில் வந்த மெசேஜை அழித்துவிட்டேன். செந்தமிழ் அப்போது உன்னோடு அங்கேயே இருந்தான், அவனிடம் சாதாரண சளி என்றேன். ஊசியின் புண்ணியத்தில் மூன்றே நாளில் எழுந்துவிட்டேன். உன் அப்பாவை ஏழாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். டெஸ்ட் வந்த அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தால் முன்னாடியே கொண்டுபோயிருப்பீர்களே. மாஸ்க் போடாதது தெரியாமல் செய்தது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். மறைத்ததற்கு என்ன சொல்லித் தேற்றுவது?

இப்போது பஸ்ஸில் யாரும் மாஸ்க் போடுவதில்லை. நான் மட்டும் போடுகிறேன். "ஊசியெல்லாம் போட்டாச்சில்ல, இன்னுமா பயம்?" என்று கண்டக்டர் கேலி செய்கிறார். பயம் எனக்காக இல்லை என்று அவரிடம் எங்கே போய்ச் சொல்வது. அன்று உன் அப்பா நீட்டிய மாஸ்க்கை மரியாதைக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். உறை பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அறிவுமதிக்கும் காட்டு. அவன்தான் காரணம் என்று அவனே நம்பிக்கொண்டிருக்கிறானாம், பாவம். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. பாப்பா அவன் மடியில் உட்கார வேண்டும், அது ஒன்றைத்தான் கேட்கிறேன். தோடு வாங்கிவிட்டேன், செந்தமிழிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் வரவில்லை.

குத்தும்போது பாப்பா வீறிட்டு அழுவாள். அழுது ஓயும்வரை இறக்கிவிட வேண்டாம், மடியிலேயே வைத்திருக்கச் சொல் அறிவுமதியை. அவள் தீர்க்காயுசாக, தாத்தாவைப் போல நல்ல மனசோடு இருக்கட்டும்.

உன் அத்தை,
புஷ்பவள்ளி