மனாசேயின் ஐந்து பெண்கள்

1968 மார்ச் 3, ஞாயிறு. அல்லைப்பிட்டி.

இன்று பூசை முடிந்ததும், கரைவலை இழுக்கும் பாடுகளை, யாருக்கு எந்த முறை என்று, ஊருக்குள் பிரிக்கச் சீட்டு எழுதினார்கள். செத்துப்போன ஐயாவின் பெயருக்குப் பதிலாக என் பெயரை எழுதச் சொன்னேன். கோயில் மூப்பர் பேனையை மூடிவிட்டார்.

"ஐயாவோடை பாடும் போச்சுது, பிள்ளை. வேதத்திலை லேவி கோத்திரத்துக்கும் காணிப் பங்கு இல்லைத்தானே? உங்களைக் கோயில் பாக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மனாசே கோத்திரத்திலை ஒருத்தர் ஆம்பிளைப்பிள்ளை இல்லாமல் செத்தவர். அவரின்ரை ஐஞ்சு பெட்டையளும் தீர்க்கதரிசி மோயீசனிட்டைப் போய்க் காணிப் பங்கு கேட்டு வாங்கினவை. நாங்கள் மூண்டு பெட்டையள் இருக்கிறம்."

"அது பழைய ஏற்பாடு."

"லேவி மட்டும் புதிசோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை. ஆனால் எழுதினார். நான்காவது பாடு எங்களுக்கு விழுந்தது.

போகும்போது மூப்பர் வேதாகமத்தைக் கையோடு கொண்டுபோனார். வாசித்தால் கண்டுபிடித்துவிடுவார். பங்கு வாங்கிய பெண்கள் சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கலியாணம் கட்டவேண்டும் என்று மோயீசன் பிறகு சொல்லிவிட்டார். நான் கட்டப்போகிறவர் வேற்றூர், மண்டைதீவு. இங்கே இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

வாசிக்கட்டும். நாலாம் நாள் விடிய எங்கள் வலை கடலில் இறங்கும். எனக்குப் பாடும் வேண்டும், மனுசனும் வேண்டும்.